சிவப்பென்று வாங்கிய மரம்

சென்ற கிழமை எங்கள் முதியோர் ஒன்றுகூடல் முடிந்து, மண்டப வாசலில் மகனின் காருக்காகக் காத்து நின்றேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்கடை வீட்டு முத்தத்திலை நிக்கிற மேப்பிள் முந்திச் சிவப்பெல்லோ? இப்ப பச்சையாய் நிக்குது, என்ன நடந்தது?"

முன்பென்றால், "நிழல் கூடிப்போச்சு, அதுதான் சிவப்பு மங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போயிருப்பேன். ஏழு வருடமாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன். வீட்டில் உண்மை வெளிவந்து நாலு வருடமாகிறது. இனி ஊருக்கும் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

2009 மார்ச்சில் எங்கள் பேத்தி பிறந்தாள். நான் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம். ஊரில் என்றால் பிள்ளை பிறந்தால் வளவில் ஒரு தென்னம்பிள்ளை வைப்போம். ஸ்காபரோவில் எந்தத் தென்னையை வைப்பது? மேப்பிள் வைப்போம், கனடாவின் மரம்தானே என்று மனைவியிடம் சொன்னேன். மேப்பிள் என்றால் ஒரே மரம் என்று அப்போது நினைத்திருந்தேன். கொடியில் இருக்கிறதும் அதுதான், பாணி எடுக்கிறதும் அதுதான், எங்கள் தெருவோரத்தில் நகரசபை நட்டிருக்கிறதும் அதுதான் என்று.

தெருவோரத்தில் நிற்பது நோர்வே மேப்பிள். பெயரே சொல்கிறது, அது ஐரோப்பாவில் இருந்து வந்தது. உப்பு, புகை, கெட்டி மண் எல்லாவற்றையும் தாங்கும் என்று ஒரு காலத்தில் தெருத்தெருவாக நட்டுவிட்டார்கள். அதன் வேர் மேலாகவே ஓடும், நிழல் அடர்த்தி, கீழே புல் முளைக்காது. ஆவணி புரட்டாதியில் இலையெல்லாம் தார் தெளித்தது போலக் கறுப்புப் புள்ளி விழும். 2012 இல் பிளாஸ்ரிக் 20 டொலர் நோட்டு வந்தபோது, அதில் போட்டிருக்கிற இலை கனடா மேப்பிளே இல்லை, நோர்வே மேப்பிளின் இலை என்று ஒரு தாவரவியலாளர் சொல்லப் பெரிய பகிடியாகப் போனது. மத்திய வங்கி, அது எந்த மரத்தின் இலையும் இல்லை, கலைஞர் வரைந்த பொதுவான இலை என்று சமாளித்தது. கனடாக்காரருக்கே மாறுகிறது என்றால் எனக்கு மாறியதில் குற்றமில்லை.

பாணி எடுக்கிற சீனி மேப்பிள் பெரிய மரம். 40 லீற்றர் சாறு காய்ச்சினால் 1 லீற்றர் பாணி வரும். தெரு உப்பும் இறுகிய மண்ணும் அதற்கு ஆகாது. எங்களுடைய முப்பதடி முற்றத்துக்கு அது சரிவராது என்று நாற்றுப்பண்ணையில் நின்ற பெண் சொன்னாள். அவள்தான் யப்பான் மேப்பிளைக் காட்டினாள். பிளட்குட் என்று அட்டை தொங்கியது. இலையெல்லாம் முற்றிய பீற்றூட் நிறம். பதினைந்து இருபது அடிக்கு மேல் போகாது, ரொறன்ரோக் குளிரைத் தாங்கும் என்றாள். இலை ஒவ்வொன்றும் விரல் விரித்த கைபோல இருந்தது. யப்பானியர் இதைக் 'கயெடெ' என்பார்கள், தவளைக் கை என்ற சொல்லில் இருந்து வந்தது என்று பின்னர் படித்தேன். அன்று எனக்கு வீட்டில் படுத்திருந்த பிள்ளையின் கைதான் ஞாபகம் வந்தது. நூற்றைம்பது டொலருக்கு மேல். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

நட்ட கதையைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊர் உரும்பிராய். செம்மண், கிணற்றுத் தண்ணீர், எதை ஊன்றினாலும் வரும். அந்தத் துணிவில் இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கன்றை இறக்கி, அடிமரம் மூடுமட்டும் மண் போட்டு மிதித்தேன். பிறகு காலையும் மாலையும் தண்ணீர். ஒரு மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. தண்ணீர் காணாது என்று இன்னும் விட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலியக் கிழவர் இருந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. பின்வளவில் ஒரு அத்திமரம் வைத்திருந்தார். ஒவ்வொரு கார்த்திகையும் அதன் வேரில் ஒரு பக்கத்தை வெட்டி, மரத்தை மெல்லச் சரித்து, நீளமாகக் குழி தோண்டிப் படுக்க வைத்து, பலகையும் சருகும் மண்ணும் போட்டு மூடிவிடுவார். சித்திரையில் தோண்டி நிமிர்த்துவார். முதல் முறை பார்த்தபோது எதையோ புதைக்கிறார் என்று பயந்துவிட்டேன். பிறந்த ஊர் மரத்தை இந்தக் குளிருக்குள் காப்பாற்ற அந்த மனிதன் பட்ட பாடு! ஆவணியில் நாலு பழம் எங்களுக்கும் வரும்.

அவர்தான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அரைகுறை ஆங்கிலம் அவருக்கும் எனக்கும் பொது மொழி. சொன்னது இதுதான்: ஸ்காபரோ மண் களி. ஆழக்குழி வெட்டினால் அது கிணறு. ஊற்றின தண்ணீர் அங்கேயே நிற்கும், வேர் மூச்சு முட்டிச் சாகும். மேப்பிளுக்கு வேர் புறப்படுகிற இடத்தில் அடிமரம் கொஞ்சம் அகலும், அந்த அகலம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குழி ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். இருவரும் சேர்ந்து கன்றைக் கிளப்பி, உயர்த்தி நட்டோம். மேலே மரத்தூள் மூன்று அங்குலம், ஆனால் அடிமரத்தில் முட்டாமல். கிழமைக்கு ஒன்றிரண்டு தரம், ஆறுதலாக, ஆழமாகத் தண்ணீர். இடம் மட்டும் தற்செயலாகச் சரியாக அமைந்திருந்தது: கிழக்குப் பார்த்த முற்றம், காலை வெயில், பின்னேரம் வீட்டின் நிழல். பின்னேர வெயிலும் காற்றும்தான் யப்பான் மேப்பிளின் இலையைக் கருக்கும்.

(உங்களில் யாரும் மரம் நடப்போவதாக இருந்தால், மண்வெட்டியைத் தொடுமுன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். காசு இல்லை. வந்து கொடி குத்திவிட்டுப் போவார்கள், காஸ் குழாய்க்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு. நான் அறிவிக்காமல்தான் வெட்டினேன். காஸ் குழாய் நாலடி தள்ளி ஓடுகிறது என்று பின்னர் வேறொரு வேலைக்கு வந்தவன் காட்டினான்.)

கன்றைக் கிளப்பியபோதுதான் அடியில் ஒரு முழங்கு கண்டேன். கண்டவுடன் விளங்கியது. ஒட்டுக்கன்று. என் தகப்பனார் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக் கட்டுவதில் பெயர்போனவர். சட்டியில் முளைத்த மாங்கன்றைத் தாய்மரத்துக் கொப்போடு சேர்த்துச் சீவிக் கட்டி, சாக்கு நனைத்துச் சுற்றி, மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கயிறு பிடித்தேனே ஒழிய, கத்தி பிடிக்கப் பழகவில்லை. பள்ளிக்கூடப் படிப்பு, உத்தியோகம், பிறகு ஓட்டம். அவர் சொன்ன ஒன்று மட்டும் காதில் நின்றது: "கீழாலை வெடிக்கிற தளிரை விடாதை. அது ஒட்டைத் திண்டுபோடும்." மேப்பிளிலும் அதேதான். சிவப்பு மேலே, கீழே சாதாரணப் பச்சை யப்பான் மேப்பிள். ஒட்டுக்குக் கீழே பச்சைத் தளிர் வந்தால் அது அடிமரத்தின் தளிர், உடனே கிள்ளிவிட வேண்டும். நாலு வருடம் ஒழுங்காகக் கிள்ளினேன். முயல் பட்டையைக் கரும்பாமல் இருக்கக் குளிர்காலத்தில் பிளாஸ்ரிக் சுற்று. நிலம் உறையுமுன் கடைசித் தண்ணீர். மரம் ஆறடிக்கு வந்தது. பேத்தி பாலர் வகுப்புக்குப் போக முன்பே "என்ரை மரம்" என்று சொல்லப் பழகிவிட்டாள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பக்கத்தில் நிற்கவிட்டுப் படம் எடுப்போம். மார்ச்சில் இலை இராது. ஆகையால் யூனில் இன்னொரு படம்.

2013 ஒக்டோபரில் மனைவிக்கு இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை. காலில் இருந்து நாளத்தை எடுத்து நெஞ்சில் தைத்தார்கள். நான் ஆசுபத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடிய அந்த இலையுதிர் காலத்தில் மரத்துக்குக் கடைசித் தண்ணீர் விட்டேனா என்பதே ஞாபகமில்லை. டிசம்பர் 21 சனிக்கிழமை இரவு மழை தொடங்கியது. விழுகிற மழை விழுந்த இடத்திலேயே உறைகிற மழை. ஞாயிறு விடிய ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. அந்த ஐஸ் புயலை மறந்தவர் எங்களில் யார் இருக்கிறார்கள்? காஸ் இருந்தும் சூடாக்கி ஓடாது, அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். நெஞ்சில் தையல் போட்டு இரண்டு மாதமான மனுசியை நாலு போர்வைக்குள் சுற்றி, காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் கொப்புகள் முறிகிற சத்தம், துவக்கு வெடி மாதிரி. அந்தச் சத்தம் எங்களுக்கு வேறு நினைவுகளைத் தரும். அதை இங்கே எழுதவில்லை.

முற்றத்தில் எங்கள் மரம் கண்ணாடியால் செய்தது போல நின்றது. ஒவ்வொரு குச்சியிலும் விரல் மொத்தத்துக்கு ஐஸ். கொப்புகள் வளைந்து நிலத்தைத் தொட்டன. எனக்கு நித்திரை இல்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லை, மனுசியின் நெஞ்சுக்குச் செய்ய என் கையில் எதுவும் இல்லை. இதையாவது காப்பாற்றுவோம் என்று தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

இத்தாலியக் கிழவர் சன்னலைத் திறந்து, "விடு! தொடாதே! விடு!" என்று கத்தினார். கேட்டது. கேட்காதது போல ஒரு தட்டு. ஐஸ் கொஞ்சம் உதிர்ந்தது. உற்சாகம் வந்து இன்னொரு தட்டு. மரம் நடுக்கவரில் பிளந்து, பிளவு கீழே ஓடி, ஒட்டின இடத்திலேயே கழன்று விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

உறைந்த மரம் வளையாது, முறியும் என்பது எனக்குத் தெரியாது. மெத்தென்ற ஸ்னோ என்றால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டலாம். ஐஸ் என்றால் அதுவாக உருகுமட்டும் விட்டுவிட வேண்டும். வளைந்த கொப்புகளில் அரைவாசிக்கு மேல் தானாகவே நிமிரும். அவருடைய வீட்டுச் செடிகள் நிமிர்ந்தன.

உள்ளே வந்து மனைவியிடம், "ஐஸ் முறிச்சுப்போட்டுது" என்றேன். சன்னலுக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், "ம்" என்றாள். பேத்தி எழும்புமுன் முறிந்ததைக் கராஜுக்குள் இழுத்து வைத்தேன். அவளுக்கு அப்போது நாலு வயது. கேட்டபோது, "மரம் குளிருக்குக் குனிஞ்சு படுத்திட்டுது" என்று சொன்னேன். பக்கத்து வீட்டில் அத்திமரம் படுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நம்பிவிட்டாள்.

2014 மே முடிவில் அவள்தான் ஓடிவந்தாள். "அப்பப்பா, என்ரை மரம் எழும்பிட்டுது!" போய்ப் பார்த்தேன். முழங்குக்குக் கீழே ஐந்தாறு தளிர். எல்லாம் பச்சை. நாலு வருடம் நான் கிள்ளி எறிந்த அதே அடிமரம். தகப்பனார் சொன்னது காதில் கேட்டது, ஆனால் தின்பதற்கு மேலே ஒட்டுத்தான் இல்லையே. நேரான தளிர் ஒன்றை விட்டு மற்றதை வெட்டி, மூங்கில் தடியில் கட்டினேன். "ஏன் பச்சை?" என்று கேட்டாள். "சின்னனிலை அப்பிடித்தான்" என்றேன். பெரிதானபோது நிழல் கதை வந்தது. சிவப்பு மேப்பிள் நிழலில் நின்றால் பச்சையோடிப் போவது உண்மைதான். நல்ல பொய்க்கு உள்ளே கொஞ்சம் உண்மை இருக்க வேண்டும் என்பார்கள், அந்த வகை.

2021 யூலை. கொரோனாவால் பள்ளிக்கூடம் கணினிக்குள் நடந்து முடிந்த வருடம். பன்னிரண்டு வயது, வீட்டுக்குள் அடைபட்டு எதையாவது கிண்டிக்கொண்டே இருப்பாள். இலையைப் போனில் படம் பிடித்தால் மரத்தின் பெயர் சொல்கிற ஒன்றை வைத்து வளவு முழுவதும் திரிந்தாள். மாலையில் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பப்பா, இது பிளட்குட் இல்லை. இது ஒட்டு மரத்தின்ரை ரூட்ஸ்ரொக். பிளட்குட் எங்கை?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். தும்புத்தடி, கிழவர் கத்தினது, கராஜ். மிச்சம் எங்கே என்றாள். நல்ல கொப்பு ஒன்று இரண்டு வருடம் பாகல்கொடிக்குத் தடியாக நின்றது என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுக்குச் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கு நாலு வயசு. சொல்லியிருந்தா அழுதிருப்பன். அவ்வளவுதானே."

பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நாலு வயதுப் பிள்ளை அரைநாள் அழுவதைத் தாங்க மாட்டாமல் ஏழு வருடம் பொய் சொன்னேன் என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவளுக்காகச் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அப்பப்பாவுக்கு மரம் தெரியும் என்று அந்தப் பிள்ளை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தது. அதை இழக்க மனமில்லை.

இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நான் நாற்றுப்பண்ணைக்குப் போய் விலை கேட்டு வந்தேன். "புதுசாய் ஒரு சிவப்பு வாங்கித் தாறன்" என்றேன். மனைவி இடையில் புகுந்து, "உங்கடை அப்பப்பா ஒட்டுப் பார்க்கத் தெரிஞ்சவர், தட்டத்தான் தெரியாதவர். என்ரை நெஞ்சிலையும் ஒட்டுத்தான் போட்டிருக்கு, நல்லகாலம் எனக்கு மேலை ஐஸ் பிடிக்கேல்லை" என்றாள். பேத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப என்ரை மரம் எது? மேலை இருந்ததா, கீழை இருந்ததா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்று அவளுக்கு நான் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கலாம்.

புதுமரம் வேண்டாம் என்றுவிட்டாள். வாங்கியிருந்தாலும் அந்தத் தெருவோர மேப்பிளின் வேர் படராத இடம் முற்றத்தில் வேறு இல்லை. சிவப்பு ஒட்டுக் குருத்தைப் பச்சையில் கட்டிப் பார்க்கலாம், ஆவணியில் கட்டுவார்கள் என்று நான் ஆசை காட்டினேன். அதற்கும், "பச்சையாகவே நிக்கட்டும்" என்றாள்.

இப்போது பத்தடிக்கு மேல் நிற்கிறது. பிளட்குட்டை விட வேகமாக வளர்ந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கோடை முழுவதும் பச்சை, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒக்டோபர் கடைசியில் தெரு நோர்வே மேப்பிள்கள் இன்னும் பச்சையாக நிற்கும்போதே இது உச்சியில் மஞ்சள் பிடித்து, செம்மஞ்சளாகி, வெயில் படுகிற பக்கம் நல்ல சிவப்புக்கு வரும். மஞ்சள் இலைக்குள் முன்பே இருக்கிறதாம், பச்சை வடிந்ததும் தெரியவரும். சிவப்பு மட்டும் அந்த நேரத்தில், வெயிலும் குளிரிரவும் சேர்ந்தால் இலை புதிதாகச் செய்வது. இதையும் அவள்தான் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு நாள். பிறகு ஒரு காற்று.

அந்த இத்தாலியக் கிழவர் இன்று இல்லை. வீட்டை வாங்கினவர்கள் அத்தி நின்ற இடத்தில் கார் நிறுத்தச் சீமெந்து போட்டுவிட்டார்கள்.

பேத்திக்குப் பதினாறு வயது. கடைசித் தண்ணீரை இந்த முறை அவளே விட்டு, வெளிக்குழாயையும் பூட்டினாள். பிளாஸ்ரிக் சுற்றை நான் கட்டினேன். குனிய முழங்கால் விடுவதில்லை, ஒரு முக்காலி போட்டுக்கொண்டேன். உறைமழை வரப்போகிறது என்று வானொலியில் சொன்னால், தும்புத்தடியை எடுத்து நிலவறைக்குள் ஒளித்து வைப்பது மனைவியின் வழக்கம். எங்கே வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் எடுப்பதில்லை.